வாக்கில்லாதவர்களின் வாக்குவாதம்

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டால் போதும், பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் எம்மவர் இரண்டு கட்சியாகிவிடுவர். 'பெரிய பேயைத் துரத்தச் சின்னப் பேய்க்குப் போடுங்கள்' என்பது ஒரு கட்சி. 'இரண்டும் பேரினவாதம்தான், பகிஷ்கரியுங்கள்' என்பது மற்றக் கட்சி. துண்டுப்பிரசுரம் வரும், வானொலியில் சண்டை வரும், நண்பர்கள் முகம் பார்க்காமல் போவார்கள். இந்த இரு கட்சியாருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: இருவருக்கும் அங்கே வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைத் தேர்தல்கள் எதுவும் இதுவரை இடம் தந்ததில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காத எம்போன்ற அகதிகளுக்கு இங்கும் ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை.

இந்த இரண்டு வாதங்களையும் நாம் இங்கே விமர்சிக்க முயல்கிறோம். இரண்டையும் வெவ்வேறு காலங்களில் நாமே உரத்துச் சொல்லியிருக்கிறோம் என்பதால் இது சுயவிமர்சனமும்தான்.

பகிஷ்கரிப்பை எடுத்துக்கொள்வோம். அது எம்மிடையே புதிய சரக்கல்ல. 1931 இல் டொனமூர் அரசியல் திட்டம் முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். இனவாதத்துக்காக அல்ல, முழு இலங்கைக்குமான சுதந்திரத்துக்காகவே அவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் தெற்கு அவர்களைப் பின்பற்றவில்லை. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன, சபை அவர்கள் இல்லாமலே நடந்தது. நேர்மையான நோக்கம், சுதந்திரமான முடிவு; ஆனாலும் அடுத்த நாள் என்ன செய்வது என்ற திட்டம் இருக்கவில்லை. வெற்றிடத்தை நிரப்ப வந்தது வாலிபர் காங்கிரசின் அரசியல் அல்ல, ஜி.ஜி. பொன்னம்பலத்தின் அரசியல்.

2005 நவம்பர் 17 இன் பகிஷ்கரிப்பு வேறு வகையானது. மகிந்த ராஜபக்ச 50.29 வீதம், ரணில் விக்கிரமசிங்க 48.43 வீதம். வித்தியாசம் 180,786 வாக்குகள். யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். 'தமிழ் மக்கள் ஒருமித்து இரண்டு வேட்பாளரையும் நிராகரித்தார்கள்' என்று அன்று புகலிடப் பத்திரிகைகள் எழுதின. நாம் அப்போது யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவர், வாக்குரிமை வயது வரவில்லை. வாக்காளர் அட்டை மேசையில் கிடந்தது. அன்று காலை அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலை வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பா பகிஷ்கரித்தாரா, பயந்தாரா? புலிகளும் அவர்கள் சார்ந்த அமைப்புக்களும் தேர்தலில் அக்கறையில்லை என்று சொன்ன பிறகு சாவடிக்குப் போவதென்றால் என்னவென்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொள்கைக்காகப் போகாதவர், பயத்தில் போகாதவர், வெளிநாட்டில் இருப்பவர், செத்தும் இடாப்பில் பெயர் வெட்டப்படாதவர் எல்லோரும் புள்ளிவிபரத்தில் ஒரே வரிசைதான். மௌனத்துக்குக் கையெழுத்து இல்லை. வேண்டியவர் அதற்கு வேண்டிய பொருளைப் போட்டுக்கொள்வார். பகிஷ்கரிப்பு வாதத்தின் முதற் பலவீனம் இதுவே.

ரணில் வென்றிருந்தால் முள்ளிவாய்க்கால் வந்திராது என்று நாம் சொல்லவரவில்லை. சரித்திரத்தை அப்படித் திருப்பிப்போட்டுப் பார்க்க ஒருவராலும் முடியாது. ஆனால் 'இரண்டும் ஒன்றுதான்' என்பதைச் சொன்னவர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள், அந்தப் பரீட்சையின் செலவை வன்னி மக்கள் கட்டினார்கள். இதை மட்டும் சொல்லலாம்.

இனி மற்றக் கட்சிக்கு வருவோம். 2010 ஜனவரி 26 இல் எமது முதல் வாக்கைப் போட்டோம். போர் முடிந்து எட்டு மாதம். மகிந்தவுக்கு எதிராக நின்றவர் சரத் பொன்சேகா – அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி, இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்று 2008 இல் கனடியப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னவர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவருக்குப் போடச் சொன்னது. நாம் போட்டோம். யாழ் மாவட்டத்தில் வாக்களித்த கால்வாசிப்பேரில் அறுபது வீதத்துக்கும் அதிகமானோர் போட்டார்கள். பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பிய பின்னர் இரண்டு நாள் ஒருவரோடொருவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. தளபதி தோற்றார், பெப்ரவரியில் கைதானார். 'குறைந்த தீமை' என்ற சொல்லில் 'குறைந்த' என்பதை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று அன்று எமக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2015 ஜனவரி 8 இல் அதே வாதம் வென்றது. தேர்தலுக்குச் சில நாள் முன்னர் யாழ்ப்பாணம் வந்த மகிந்த, தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல், அந்தத் தெரிந்த பேய் நான்தான் என்று தானே சொல்லி வாக்குக் கேட்டார். மக்கள் தெரியாததற்கே போட்டார்கள். மைத்திரிபால சிறிசேனவுக்கு யாழ் மாவட்டத்தில் 74 வீதம். நாடு முழுவதும் அவர் பெற்ற பெரும்பான்மை சுமார் 449,000 மட்டுமே. வடக்குக் கிழக்குத் தமிழ், முஸ்லிம் வாக்குகள் இல்லாமல் அவர் வந்திருக்க முடியாது.

வந்து என்ன செய்தார்? ஒன்றும் இல்லை என்பவர்கள் பொய் சொல்கிறார்கள். 2015 மே 18 இல் வட மாகாண சபை முள்ளிவாய்க்காலிலேயே பகிரங்கமாக விளக்கேற்ற முடிந்தது. சம்பூரில் காணிகள் விடப்பட்டன. 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். 2010 இல் அதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. எல்லாம் செய்தார் என்பவர்களும் பொய்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டு நீதிபதிகளும் பங்குபெறும் விசாரணைப் பொறிமுறை என்று 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஒத்துக்கொண்டது கடைசிவரை வரவில்லை. 2018 ஒக்டோபர் 26 இல், எவரை விரட்ட மக்கள் இவருக்குப் போட்டார்களோ அந்த மகிந்தவையே இவர் பிரதமராக்கினார். நீதிமன்றம் குறுக்கே நின்றிராவிட்டால் அது நிலைத்திருக்கும்.

குறைந்த தீமைக்கு வாக்குக் கேட்பவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள். பெரிய பேய் உயிரோடு இருக்கும்வரை சின்னப் பேய்க்கு ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. 'நான் இல்லாவிட்டால் அவன் வருவான்' என்ற ஒரு வசனம் அடுத்த தேர்தல் வரை போதும்.

2019 இல் கோத்தபாய நின்றபோது நாம் பாரிசில். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்த இடைவேளையில் ரெஸ்ரோறண்டின் பின்பக்கத்தில் நின்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். 2015 இன் ஏமாற்றம் நெஞ்சில் இருந்தது. யாழ், கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் முயற்சியில் ஐந்து தமிழ்க் கட்சிகள் வைத்த 13 அம்சக் கோரிக்கையைப் பிரதான வேட்பாளர் எவரும் ஏற்கவில்லை என்ற கோபமும் இருந்தது.

"நீங்கள் போகாதேங்கோ அம்மா. ரெண்டு பேரும் ஒண்டுதான்."

"உனக்கு ஒண்டுதான் தம்பி, நீ பாரிசில நிக்கிறாய். இஞ்ச சந்தியில ஆமி நிண்டு அட்டை கேக்கிறதும் கேக்காததும் ஒண்டில்லை."

அம்மா சஜித் பிரேமதாசவுக்குப் போட்டார். யாழ் மாவட்டம் 83 வீதத்துக்கு மேல் அவருக்கே போட்டது. கோத்தபாய சிங்கள வாக்குகளாலேயே வென்றார், அதை அநுராதபுரத்தில் பதவியேற்றபோது தானே சொன்னார். 'பார்த்தீர்களா, போட்டும் பிரயோசனமில்லை' என்று நாம் அம்மாவுக்குச் சொல்ல நினைத்தோம். சொல்லவில்லை.

அந்த வசனத்தை 2022 ஏப்ரலில் எமக்கே ஒருவர் திருப்பிச் சொன்னார். எம்மோடு குசினியில் வேலைசெய்யும் பிரெஞ்சு நண்பர் அவர். நல்ல மனிதர், இடதுசாரி. மக்ரோனுக்கும் மரீன் லு பென்னுக்கும் இடையிலான இரண்டாம் சுற்றுக்குத் தான் போகப்போவதில்லை என்றார். இருவரும் தனக்கு ஒன்றுதான் என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. உங்களுக்கு ஒன்றுதான், எமது அகதி அட்டைக்கு ஒன்றல்ல என்று சொல்ல வாய் வந்தது. அம்மாவின் குரல்தான் வந்தது.

ஆனால் அந்த நண்பரிடமும் நியாயம் இருந்தது. 2002 முதற் சுற்றில் 28 வீதம் பேர் வாக்களிக்கவில்லை. சோசலிசக் கட்சியின் ஜொஸ்பன் இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளால் மூன்றாமிடம் போக, மரீனின் தகப்பன் லு பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். இடதுசாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வலதுசாரி ஷிராக்குக்குப் போட்டார்கள். 82 வீதம். ஷிராக் அந்த வாக்கைத் தன் சொந்த வாக்காக எடுத்துக்கொண்டு தன் கட்சியின் ஆட்சியையே நடத்தினார். 2003 இல் குடிவரவுச் சட்டம் இறுகியது. தடுக்கப்பட்ட லு பென் குடும்பத்தின் இரண்டாம் சுற்று வாக்கு 2002 இல் 17.8 வீதம், 2017 இல் 33.9, 2022 இல் 41.5. ஒவ்வொரு முறையும் கதவை அடைத்தார்கள். கதவுக்கு வெளியே கூட்டம் பெருகியது. 2017 இல் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் சாவடி வரை போய் வெற்றுச்சீட்டும் செல்லாச்சீட்டும் போட்டார்கள். முடிவை அது ஒரு புள்ளியும் அசைக்கவில்லை.

ஆகவே கேள்வி 'போடுவதா விடுவதா' என்பதோடு முடிவதில்லை. இலங்கை வாக்குச்சீட்டிலேயே ஒரு மூன்றாம் வழி உண்டு. 1, 2, 3 என்று விருப்புவாக்கு இடலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர்ந்தோர் நீக்கப்பட்டு, அவர்களது சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு எண்ணப்படும். தன் ஆளுக்கு 1, குறைந்த தீமைக்கு 2 என்று போட்டால் கொள்கையும் தவறாது, பெரிய பேய்க்கு வழியும் விடப்படாது. 2024 இல்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. நீக்கப்பட்டோரின் வாக்குகள் சுமார் 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுரகுமாரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார், வேறொரு தமிழ்க் கட்சி பகிஷ்கரிக்கச் சொன்னது. லாச்சப்பலில் இரண்டுக்கும் கூட்டம் நடந்தது. விருப்புவாக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க நாம் அறிய ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2010 இல் யாழ் மாவட்டத்துக்கு 9 பாராளுமன்ற ஆசனங்கள். 2015 இல் 7. 2024 இல் 6. வாக்காளர் எண்ணிக்கைப்படியே ஆசனம் பிரிக்கப்படுகிறது. இடாப்பிலிருந்து போன பெயர்களில் எமதும் ஒன்று. நாம் வெளியேறியதே ஒரு வாக்களிக்காமைதான், அதன் விலையும் அங்கே இருப்பவர்களிடமே அறவிடப்படுகிறது. வேறு வழியில்லாமல் வந்தோம், அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் போகாதே என்று அங்கிருப்பவருக்குச் சொல்ல எமக்கு என்ன உரிமை?

எமது முடிவு இது. இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அங்கே வாழ்பவரின் படலையைத் தொடுமென்றால், குறைந்த தீமைக்கு வாக்கிடுவதில் குற்றமில்லை. அவரை மீட்பர் என்று மாலை போடுவதுதான் குற்றம். வாக்கிட்ட மறுநாளே எதிர்க்கட்சியாக நிற்கத் தயாரில்லாதவர் அந்த வாக்கைக் கேட்கக்கூடாது. பகிஷ்கரிப்பும் ஒரு உரிமையே, விரும்பினால் போய் வாக்களித்துவிட்டுப் பயமின்றித் திரும்பிவரக்கூடியவர் அதைச் செய்யும்போது. படலையில் நின்று திரும்பிய அப்பாவின் அன்றைய நாளை எவரும் தம் கொள்கையின் வெற்றியாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த தேர்தலுக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்போம். இம்முறை யாருக்குப் போடப்போகிறீர்கள், ஏன் என்று கேட்போம். மறுப்புள்ளவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.