லிவர்பூல் பதக்கங்களும் எடைப்பிரிவுக் கணக்கும்

2025 செப்டம்பர் 4 முதல் 14 வரை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றனர். ஆண்கள் அணியோ 2013-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பதக்கமும் இன்றித் திரும்பியது. இந்தப் பட்டியலை மட்டும் வைத்து வருங்கால வீராங்கனைகளை மதிப்பிடுவது பிழையாக முடியும். ஓர் இரவின் வெற்றியைக் காட்டிலும், அந்த வெற்றிக்கு முன்னர் அந்த வீராங்கனை யாரிடம் எப்படித் தோற்றார், தோல்விக்குப் பின் எதை மாற்றிக்கொண்டார், அடுத்த ஓராண்டில் எந்த எடையில் யாரோடு மோதப்போகிறார் என்பவையே உறுதியான அளவுகோல்கள்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று உண்டு. வளையத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐந்து நடுவர்களும் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள்; சுற்றில் மேலோங்கியவருக்குப் பத்தும், மற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். 4-1 என்பது அடிகளின் எண்ணிக்கை அன்று; நால்வர் ஒருவர் பக்கமும் ஒருவர் மற்றவர் பக்கமும் நின்றதையே அது குறிக்கும்.

57 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஜாஸ்மின் லம்போரியாவின் பாதை இந்த அளவுகோலுக்குச் சிறந்த சான்று. ஹரியானாவின் பிவானியைச் சேர்ந்த அவர், 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 60 கிலோ பிரிவின் அரையிறுதியில் இங்கிலாந்தின் ஜெம்மா ரிச்சர்ட்சனிடம் 2-3 என்று நூலிழையில் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். பின்னர் 57 கிலோவுக்கு இறங்கி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியபோது, பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெட்டேசியோ முதல் ஆட்டத்திலேயே 5-0 என்று அவரை வெளியேற்றினார். உயரமும் நீண்ட கையும் இருந்தும், நெருங்கி வந்து தாக்குபவரைத் தொலைவில் நிறுத்தி வைக்க அன்று அவரால் முடியவில்லை. லிவர்பூல் இறுதிச் சுற்றில் எதிரே நின்றவர், பாரிஸில் வெள்ளி வென்ற போலந்தின் ஜூலியா ஷெரெமேட்டா. தொடக்கத்தில் அவருடைய வேகம் ஜாஸ்மினைத் தடுமாற வைத்தாலும், இரண்டாம் சுற்றிலிருந்து இந்திய வீராங்கனை தம் கையின் நீளத்தைப் பயன்படுத்தி இடைவெளியைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து 4-1 என வென்றார். ஆட்டத்தின் நடுவே உத்தியை மாற்றத் தெரிந்திருப்பதே முதிர்ச்சி. அந்த முதிர்ச்சி வர அவருக்கு மூன்று ஆண்டுகளும் பல தோல்விகளும் தேவைப்பட்டன.

48 கிலோ பிரிவில் தங்கம் வென்ற மீனாட்சி ஹூடாவின் முன்னேற்றம் இதைவிட விரைவானது. ஜூலையில் அஸ்தானாவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதியில் கஜகஸ்தானின் நாஜிம் கிசைபாயிடம் 2-3 என்று தோற்றவர், இரண்டே மாதங்களில் லிவர்பூல் இறுதியில் அதே வீராங்கனையை 4-1 என வீழ்த்தினார். எடை மிகுந்த 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் நூபுர் ஷியோரன் போலந்தின் அகதா காச்மார்ஸ்காவிடம் 2-3 என்று தோற்று வெள்ளி பெற்றார். 80 கிலோ அரையிறுதியில் அனுபவசாலியான பூஜா ராணியை 4-1 என வென்றவர், சொந்த மண்ணில் ஆடிய இங்கிலாந்தின் இளம் வீராங்கனை எமிலி ஆஸ்குவித்.

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான எடைப்பிரிவுகள் 51, 54, 57, 60, 65, 70, 75 கிலோ ஆகிய ஏழு மட்டுமே. நான்கு லிவர்பூல் பதக்கங்களில் ஒலிம்பிக் பிரிவில் வந்தது ஜாஸ்மினுடையது ஒன்றுதான். மீனாட்சி 51 கிலோவுக்கு ஏறினால், இருமுறை உலகப் பட்டம் வென்ற நிகத் ஜரீனோடு இந்திய அணியின் ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டும். 2025 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் களமிறங்கிய இருபது இந்தியர்களும் பதக்கம் பெற்றதும், அவற்றில் ஒன்பது தங்கமாக இருந்ததும் மகிழ்ச்சிக்குரியவை. எனினும் உலகப் போட்டியைவிட ஒவ்வொரு பிரிவிலும் குறைவானவர்களே மோதிய களம் அது என்பதால், அந்த எண்ணிக்கையை அப்படியே 2028-க்கு நீட்டிப் பார்க்க இயலாது.

அப்படியானால் வீராங்கனைகள் உருவாக எது அடிப்படை? பிரிட்டனின் தேர்ந்த வீரர்கள் ஷெஃபீல்டில் ஒரே மையத்தில் பயிற்சி பெறுகிறார்கள். பிவானியில் 2003-இல் ஜகதீஷ் சிங் தொடங்கிய மன்றத்திலிருந்து விஜேந்தர் சிங் ஒலிம்பிக் பதக்கம் வரை சென்றார். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது, ஒரே எடையில் பலர் நாள்தோறும் ஒருவரோடொருவர் மோதிப் பழகும் வாய்ப்பு. ‘ஸ்பாரிங்’ எனப்படும் இந்தப் பயிற்சி மோதல் இல்லாமல், மணல்மூட்டையைக் குத்தி மட்டும் எவரும் குத்துச்சண்டை வீரராக முடியாது.

தமிழ்நாட்டில் அந்த வாய்ப்பு நெடுங்காலமாக வடசென்னையோடு ஒட்டியே இருந்திருக்கிறது. ‘பரம்பரை’ என்ற பெயரில் குரு வழியாகத் தொடரும் பயிற்சிக் குழுக்கள் அங்கே வேரூன்றின. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜனும், 2019-இல் காத்மாண்டு தெற்காசிய விளையாட்டில் 48 கிலோ தங்கம் வென்ற கலைவாணி சீனிவாசனும் சென்னையைச் சேர்ந்தவர்களே.

சென்னைக்கு வெளியே, திருச்சிச் சீமைக்கும் திறமைப் பஞ்சம் கிடையாது. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், தனலட்சுமி சேகர், சுபா வெங்கடேசன் என மூவர் டோக்கியோ ஒலிம்பிக் தடகள அணியில் இடம்பெற்றது அதற்குச் சான்று. ஆனால் ஓடுபவருக்குத் தடமும் கடிகாரமும் எதிராளியாக நிற்கும். குத்துச்சண்டை வீராங்கனைக்கோ தம் எடையிலேயே உயிருள்ள எதிராளிகள் பலர் வேண்டும். லால்குடி, முசிறி, துறையூர் ஊர்களிலிருந்து பள்ளி, கல்லூரி மாணவிகள் வந்து இறங்கும் இடம் திருச்சி நகரின் சத்திரம் பேருந்து நிலையம். பயிற்சிக்குப் போக வேண்டிய அண்ணா விளையாட்டரங்கமோ நகரின் தெற்கே காஜாமலையில் இருக்கிறது. மாலை வகுப்பு முடிந்து இன்னொரு பேருந்து ஏறி அங்கே போய், பயிற்சி முடித்து இரவுக்குள் ஊர் திரும்ப வேண்டிய பதினாறு வயதுப் பெண்ணை எந்தத் திட்டமும் இதுவரை கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. சத்திரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் உள்ளரங்கு ஒன்றில் வளையம் அமைத்து, மாதம் ஒரு நாளேனும் எடைவாரியாகச் சண்டை நடத்த மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் குத்துச்சண்டைச் சங்கமும் முன்வர வேண்டும்.