நிரலைக் காதால் படிக்க ஈமேக்ஸ்பீக்

பார்வையற்ற நிரலாளர்கள் கணினியில் குரல் வழியே வேலை செய்ய உதவும் கட்டற்ற மென்பொருள் ஈமேக்ஸ்பீக். இதை உருவாக்கிய டி. வி. ராமன் இந்தியாவில் வளர்ந்தவர். 14 வயதில் பார்வையை இழந்தவர். கணிதச் சமன்பாடுகளைப் பேசிக் காட்டும் ஆஸ்டர் என்ற மென்பொருளுக்காக 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஈமேக்ஸ்பீக் வெளிவந்தது.

அக்காலத்துச் சாதாரணத் திரைவாசிப்பான் திரையில் தெரியும் எழுத்தை மட்டும் படித்தது. நாட்காட்டியில் அம்புக்குறி விசையால் நகர்ந்தால் வெறும் எண்தான் காதில் விழுந்தது. ஈமேக்ஸ்பீக், ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பிக்குள்ளேயே இயங்குவதால் அந்த எண்ணின் பொருளை அறிந்து கிழமை, மாதம், ஆண்டு ஆகியவற்றோடு முழுத் தேதியையும் சொல்கிறது. ஈமேக்ஸின் மூல நிரலைத் திருத்தாமல், அதன் கட்டளைகளோடு பேச்சை இணைக்கும் நுட்பமே இதற்கு அடிப்படை.

இதன் அழகு நிரலைப் படிக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். கண்ணால் படிப்பவருக்கு வண்ணங்கள் செய்யும் வேலையை இங்கே குரல்கள் செய்கின்றன. குறிப்புரைக்கு ஒரு குரல், நிரல்மொழியின் சிறப்புச் சொற்களுக்கு வேறொரு குரல், மேற்கோளுக்குள் வரும் சரங்களுக்கு இன்னொன்று. கோப்பைத் திறந்தால் ஒரு சிற்றொலி, மூடினால் மற்றொன்று. அதற்கென ஒரு சொல்கூடச் செலவாவதில்லை.

தன் அன்றாடத் தேவைக்காக ராமன் எழுதிய இந்த மென்பொருளை இன்று யாரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம். பயன்படுத்துபவரே படைத்த கருவி எவ்வளவு கூர்மையாக அமையும் என்பதற்கு ஈமேக்ஸ்பீக் சிறந்த சான்று.