பட்தலாவின் மரக்கட்டைப் படங்கள்

கல்கத்தாவைப் பார்த்தாயிற்று என்று யாராவது சொன்னால், பட்தலா படங்களைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட கல்கத்தாவின் சித்பூர் சாலையை ஒட்டி அச்சகங்கள் நெருக்கியடித்த பேட்டை அது. பஞ்சாங்கம், புராணம், நாடகம் எல்லாம் மலிவாக அச்சாகும், கூடவே படங்களும்.

என்ன கோடு, என்ன துணிச்சல்! மரக்கட்டையில் வெள்ளையாகத் தெரியவேண்டிய இடத்தை உளியால் எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினார்கள். உருவத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். காய்ந்ததும் கையால் இரண்டு வீச்சு வண்ணம், அவ்வளவுதான். நிருத்தியலால் தத்தா போன்ற செதுக்குநர்களின் கைவேலையை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே சொகுசுக்கார பாபுவும் சிங்காரி பீபியும் மிடுக்காக நிற்கிறார்கள். 1873இல் தாரகேஸ்வரத்தில் நபீன் என்பவன் தன் மனைவி எலோகேசியை அரிவாள்மணையால் வெட்டிக் கொன்றான். அவ்வூர்க் கோயிலின் தலைவரான மகந்தும் வழக்கில் சிக்கினார். ஊரே பேசிய அந்தக் கொடுமையையும் படமாக்கி ஊருக்கே விற்றார்கள்.

இப்படி ஊர் வாழ்க்கையை அச்சில் பிடித்த இன்னொருவர் அமெரிக்க ஓவியர் ஜான் ஸ்லோன். நியூயார்க் தெருக்களையும் வாடகை அறைகளையும் அவர் செப்புத் தகட்டில் எட்சிங்காகப் பதித்தது 1905-06இல். அமெரிக்க அச்சுக்கலையில் நகர வாழ்க்கை என்றாலே அவர் பெயர்தான் முன்னால் வரும். அவர் கண்காட்சிக்கு அனுப்பியவற்றில் சிலவற்றை ஆபாசம் என்று திருப்பி அனுப்பினார்கள். பட்தலாவையும் இங்குள்ள கனவான்கள் அப்படித்தான் முகம் சுளித்து ஒதுக்கினார்கள். எனக்கு இரண்டுமே உயிர். ஆனாலும் முப்பது ஆண்டு முந்திக்கொண்டது நம் சித்பூர்தான்!

மலிவான லித்தோ படங்கள் வந்ததும் மரக்கட்டை பின்வாங்கியது. ஆனால் சித்பூர் சாலையின் நதுன் பஜாரில் சந்தேஷ் இனிப்புக்கான அச்சுகள் இன்றும் விற்கின்றன. மரத்தில் குடைந்த சங்கும் மீனும் பூவும்! ஒன்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

நகரின் கிழக்கே நான் குடியிருக்கும் நியூ டவுனுக்கும் இப்படி ஒரு உளி வேண்டும். பிஸ்வ பங்களா கேட்டின் வளையத்துக்குக் கீழே ஆபீஸ் விட்டு வரும் கூட்டம், டோட்டோ என்ற மின் ரிக்‌ஷாக்களின் வரிசை, ஜால்முரி என்ற மசாலாப் பொரி விற்பவரின் தகர டப்பாக்கள்... அத்தனையும் கறுப்பு மைக்காகக் காத்திருக்கின்றன. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளே, தயவுசெய்து கிழக்கே வாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அஷித் பால் தொகுத்து சீகல் பதிப்பகம் 1983இல் கொண்டுவந்த, கல்கத்தா மரச்செதுக்குப் படங்களைப் பற்றிய ஆங்கில நூல் எங்கே கண்ணில் பட்டாலும் விடாதீர்கள்.