புள்ளிப் பிடித்தம்

திருப்பூரில் ‘பிடித்தம்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. சரக்கு கப்பலேற ஒரு வாரம் தாமதமானால் பையர் பில்லில் இத்தனை சதவீதம் என்று பிடிப்பார். எக்ஸ்போர்ட்டர் அதை டெபிட் நோட்டாக எழுதி டையிங்காரர் தலையில் கட்டுவார். டையிங்காரர், துணி சுருங்கியது காம்பாக்டிங்கில்தான் என்று அங்கே தள்ளுவார். இப்படிக் கைமாறிக் கைமாறி, அந்தச் சதவீதம் ஒரு சனிக்கிழமை மாலையில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் சம்பளக் கவருக்குள் போய் நின்றுவிடும். அவருக்குக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதுகூடத் தெரியாது.

கால்பந்தில் புள்ளி பிடிப்பதைப் பற்றி எனக்கு முதலில் நினைவூட்டியவர், காதர்பேட்டைப் பக்கம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் இழுக்கும் இளைஞர். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். 2023 நவம்பர் 26 அன்று குடிசன் பார்க் மைதானத்தில் எவர்டனை யுனைடெட் 3-0 என்று வென்ற ஆட்டத்தில், மூன்றாவது நிமிடத்தில் கர்னாச்சோ அந்தரத்தில் மல்லாந்து அடித்த கோலைத்தான் அவர் வர்ணித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதே ஆட்டத்தில் வேறொன்று நினைவிருந்தது. எவர்டன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பிரீமியர் லீக் ஊழல் லீக் என்பது அதன் பொருள். ஒன்பது நாள் முன்புதான் அந்தக் கிளப்புக்குப் பத்துப் புள்ளி பிடித்திருந்தார்கள். காரணத்தைச் சொன்னதும் அவர் ஸ்குவீஜியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்ணா, மொதலாளி கணக்குல ஓட்டை விட்டா டைலருக்குப் பீஸ் ரேட்டு கொறைக்கறதா? இது என்ன நாயமுங்க?”

கேள்வி நியாயமானது. ஆனால் பாதிக் கேள்வி.

அப்போதைய விதி இதுதான். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிரீமியர் லீக் கிளப் அதிகபட்சம் பத்தரைக் கோடி பவுண்டு நஷ்டம் காட்டலாம். இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம் போன்ற செலவுகள் அதில் சேராது. 2021-22 பருவத்தோடு முடிந்த கணக்கில் எவர்டன் காட்டிய நஷ்டம் 12.45 கோடி. வரம்பைத் தாண்டியது 1.95 கோடி. கிளப்பும் தாண்டியதை மறுக்கவில்லை. எவ்வளவு, ஏன் என்பதில்தான் வழக்கு. பத்துப் புள்ளி என்றால் மூன்று வெற்றியும் ஒரு டிராவும். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது ஆறானது. அடுத்த கணக்காண்டுக்காக ஏப்ரலில் இன்னும் இரண்டு போனது.

அபராதம் போட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. சாயக் கழிவு நொய்யலில் கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் அபராதத்தைத்தான் முயன்று பார்த்தது. வெளியேற்றும் தண்ணீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா. உப்பு, விறகு, சாயம் என்ற செலவு வரிசையில் அதுவும் ஒரு வரியானது. கட்டிவிட்டு ஓட்டலாம் என்றாகிவிட்ட அபராதம் கட்டணமாகிவிடுகிறது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் நிறம் மாறவில்லை. ஆற்றுப் பாசன ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்ற அவமதிப்பு வழக்கோடு திரும்ப வந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று அத்தனை சாய, சலவை ஆலைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு என்று இன்று வெளிநாட்டு பையர்களுக்கு நாம் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறோமே, அது அந்த உத்தரவுக்குப் பிறகு வேரூன்றியது. பையில் கை வைத்தபோது நடக்காதது, உற்பத்தியில் கை வைத்தபோது நடந்தது.

கால்பந்துக் கிளப்பின் உற்பத்தி புள்ளி. எண்ணெய்ப் பணமும் பங்குச்சந்தைப் பணமும் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஐந்து கோடி பவுண்டு அபராதம் ஒரு மிட்ஃபீல்டரின் விலை. ஆனால் அவரால் காசு கொடுத்து ஒரு புள்ளியைத் திரும்ப வாங்க முடியாது. வரம்பு மீறிச் செலவழித்துக் கிடைத்த ஆதாயமும் புள்ளிதான் என்பதால், எந்தப் பெட்டியில் திருடப்பட்டதோ அந்தப் பெட்டியிலிருந்தே திரும்ப எடுக்கிறார்கள். இந்தத் தண்டனையின் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. அது சின்ன பலமில்லை.

பட்டறை இளைஞரின் கேள்வியில் விடுபட்ட பாதி, ஆற்றின் கீழ்மடையில் இருக்கும் விவசாயி. 2021-22 பருவத்தில் எவர்டன் 39 புள்ளியோடு தப்பியது. பர்ன்லி 35 புள்ளியோடு இரண்டாம் நிலைக்கு இறங்கியது. வித்தியாசம் நான்கே புள்ளி. பர்ன்லிக்கும் ரசிகர்கள் உண்டு, அங்கேயும் டிக்கெட் கிழிப்பவரும் புல் வெட்டுபவரும் உண்டு. இறங்கிய கிளப்பில் ஆட்குறைப்பு என்றால் முதலில் போவது அவர்கள் வேலைதான். மேல்மடைக்காரன் கூடுதலாக இறைத்த தண்ணீருக்கு யார் நிலம் காய்ந்தது என்பதை இளஞ்சிவப்பு அட்டை சொல்வதில்லை.

ஆனால் கீழ்மடைக்காரனுக்கு இதனால் என்ன கிடைத்தது? இங்கேதான் இந்த முறை தடுக்கி விழுகிறது. குற்றம் 2022 கோடையோடு முடிந்த கணக்கில். தண்டனை 2023 நவம்பரில். பிடித்த புள்ளி பர்ன்லியின் பழைய கணக்கில் ஏறாது. அதற்குள் அந்தக் கிளப் கீழே போய், ஏறி வந்து, அதே 2023-24 பருவத்தில் மறுபடி இறங்கியது. எவர்டனோ எட்டுப் புள்ளி போன பிறகும் நாற்பது வைத்திருந்தது. இதே விதியை மீறி நான்கு புள்ளி இழந்த நாட்டிங்கம் ஃபாரஸ்டும் 32 புள்ளியோடு தப்பியது. இத்தனை விசாரணை, மேல்முறையீடு, ஊர்வலம் எல்லாம் முடிந்து பார்த்தால், புள்ளி பிடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பருவத்தில் அதே மூன்று கிளப்தான் இறங்கியிருக்கும்.

ஃபாரஸ்ட் வழக்கை நம் ஊர் ஆடிட்டர்கள் ரசிப்பார்கள். சில ஆண்டுகள் கீழ் நிலையில் இருந்ததால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடி பவுண்டு, தாண்டியது 3.45 கோடி. கணக்கு முடிப்பது ஜூன் 30. பிரென்னன் ஜான்சன் என்ற ஆட்டக்காரரை விற்றிருந்தால் பெரும்பகுதி அடைந்திருக்கும். அவசரப்பட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும் என்று காத்திருந்து, செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்குச் சுமார் 4.75 கோடிக்கு விற்றார்கள். நல்ல விலைக்கு விற்றது தப்பா என்பது கிளப்பின் வாதம். தேதி தேதிதான் என்றது ஆணையம். மார்ச் 31 இரவு லாரியில் ஏறாத சரக்கை அந்த ஆண்டு விற்பனையில் எழுதக் கூடாது என்று இங்கே தெரியாதவர் யார்? எனக்கும் ஆணையம் சொன்னது சரியென்றே படுகிறது. அதே கணக்குப் புத்தகத்தில் செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்றதும், அது செல்லும் என்று லீக் ஒப்புக்கொண்டதும்தான் உறுத்துகிறது. இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்றினால் லாபம். நிஜமாகவே வெளியாளுக்கு விற்றாலும் இரண்டு மாதம் தாமதமானால் நான்கு புள்ளி.

எத்தனை புள்ளி என்பதற்கும் அப்போது அளவுகோல் இருக்கவில்லை. திவாலானால் ஒன்பது புள்ளி என்று பிரீமியர் லீக்கிலேயே விதி இருக்கிறது. எவர்டனுக்கு முதலில் போட்டது பத்து. கடனைக் கட்டாமல் கடையைப் பூட்டுகிறவனைவிட, கூடுதலாகக் கடன் வாங்கியும் கடையைத் திறந்து வைத்திருப்பவனுக்குப் பெரிய தண்டனை! இதைச் சுட்டிக் கேட்ட ரசிகர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்களில்லை. ஒப்பிடத்தக்க தண்டனைகளைச் சரியாகக் கருதவில்லை என்பதையும் ஒரு பிழையாகக் கண்டுதான் மேல்முறையீட்டு வாரியமும் குறைத்தது.

மிகக் கொடுமையானது லூட்டன் கதை. பழைய நிர்வாகம் செய்த முறைகேடுகளுக்கும் திவாலுக்குமாக 2008-09 பருவம் தொடங்கும் முன்பே முப்பது புள்ளி பிடித்தார்கள். அப்போது கிளப்பை எடுத்து நடத்த வந்தவர்கள் அதன் ரசிகர்களே. வாங்கிய வீட்டுக்கு முந்தைய குடித்தனக்காரரின் மின்கட்டணத்தைக் கட்டிய கதை. லூட்டன் இங்கிலாந்தின் நான்கு நிலை லீக்கையே விட்டு வெளியே விழுந்தது. டெர்பி கவுன்டி 2021-22இல் களத்தில் 55 புள்ளி எடுத்தது. தேய்மானக் கணக்குத் தகராறுக்கும் திவாலுக்கும் 21 போய் 34. களத்தில் தப்பிய அணி காகிதத்தில் இறங்கியது.

ரசிகர்களின் கோபத்தைப் பற்றி வழக்கமாக ‘பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். நான் அவ்வளவு எளிதில் விட மாட்டேன். 2023 ஜனவரியில் இதே எவர்டன் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் நிர்வாகக் குழுவையே வெளியேறச் சொல்லி மைதானத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கோடிகளை யார் வீணடித்தது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பத்து மாதம் கழித்துத் தண்டனை வந்ததும் எதிரி மாறிவிட்டான். விரல் உரிமையாளரிடமிருந்து லீக் பக்கம் திரும்பியது. வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது வெளியாள் கை ஓங்கினால் வீடே ஒன்றாகிவிடுமே, அதுதான் நடந்தது. புள்ளிப் பிடித்தத்தின் பெரிய குறையாக நான் நினைப்பது இதை: தண்டிக்கப்பட வேண்டியவருக்கு அது ஒரு கேடயத்தைச் செய்து கொடுத்துவிடுகிறது.

நாமும் விதிவிலக்கில்லை. 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு ஆண்டு நீக்கியது, அணி நிர்வாகத்தில் இருந்தவரின் சூதாட்டத்துக்காக. 2018இல் அணி திரும்பியபோது, காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போக, ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலேறிப் போனார்கள். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. அணியை எதற்காக நீக்கினார்கள் என்பதை அந்த ரயிலில் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்? தண்டனை, கதையில் வனவாசமாகிவிட்டது. வனவாசம் போனவன் எப்போதும் நல்லவன்.

ரசிகர்களின் இன்னொரு வாதம் கனமானது: எங்களை மட்டும் ஏன்? மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 டிசம்பரில் முடிந்தது. 2025 முழுதும் தீர்ப்பு வராமலே கழிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட சின்னக் கிளப்புக்கு ஒரே பருவத்தில் தீர்ப்பு, வக்கீல் படை வைத்திருக்கும் பெரிய கிளப்புக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தா. இதில் ரசிகர் பக்கமே நான்.

பணக் குற்றத்துக்குப் புள்ளி பிடிக்கும் வழக்கம் நம் நாட்டுக் கால்பந்தில் வேரூன்றவில்லை. 2012 டிசம்பரில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் நின்றுவிட்ட மோகன் பகானுக்கு முதலில் தடை, பிறகு இரண்டு கோடி ரூபாயும் 12 புள்ளியும். 2023 மார்ச்சில் பெங்களூருவில் களத்தை விட்டு வெளியேறிய கேரளா பிளாஸ்டர்ஸுக்கு நான்கு கோடி ரூபாய். இரண்டும் களக் குற்றம். பணம் சம்பந்தப்பட்டதற்கு இங்கே கிளப் உரிமம் என்ற தேர்வு இருக்கிறது; சம்பள பாக்கி இருக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நடைமுறையில் விலக்கு கொடுத்துக் கொடுத்து ஓட்டுவார்கள், ஒரு நாள் ஓடாமல் போகும். 2022இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற ஹைதராபாத், சம்பள பாக்கியிலும் ஃபிஃபாவின் பதிவுத் தடையிலும் சிக்கி, 2025இல் ஊரும் பேரும் மாறி டெல்லிக்குப் போனது. நடுவில் ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒரு தண்டனை இல்லை. விலக்குக்கும் சாவுக்கும் இடையில் ஒரு படி வேண்டுமென்றால், அதே பருவத்துக்குள் போடப்படும், அளவு முன்கூட்டியே எழுதப்பட்ட புள்ளிப் பிடித்தம்தான் அந்தப் படி. அதோடு கணக்கில் கையெழுத்துப் போட்டவருக்கு, இனி எந்தக் கிளப்பையும் தொடக் கூடாது என்ற தடையும் வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இதற்குச் சாட்சி இருக்கிறது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கியது. மறுமுனையில் ஈஸ்ட் பெங்காலும் அதே கோப்பைக்காக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு அடித்தார். 3-1. சென்னை சிட்டிக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் ஐ-லீக் கோப்பை கோவைக்கு வந்தது. அந்தப் பருவத்திலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது.

2021-22 பருவத்தில் உரிம விதிகளை நிறைவேற்றவில்லை என்று அந்தக் கிளப் ஐ-லீக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அட்டை தூக்கி நிற்க நான் போகவில்லை. செய்தியையே தாமதமாகத்தான் படித்தேன். 2019இன் பட்டியலில் அதன் 43 புள்ளி இன்றும் அப்படியே இருக்கிறது; ஒன்றைக்கூட யாரும் பிடிக்கவில்லை.