மாடியில் எத்தனை பேர்?

ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், பஸ், லாரி செய்கிறார்கள், புல்லட்டும் செய்கிறார்கள். படகு மட்டும்தான் பாக்கி. ஆனால், அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் ‘கெட்-டுகெதர் எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். ஈ.சி.ஆர். ரிசார்ட்டோடு இப்போது டின்னர் படகும் பேச்சில் அடிபடுகிறது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் முட்டுக்காடு. அவ்வளவுதானே!

1984 முதல் பெடல் போட் மிதித்துக்கொண்டிருந்த அந்த உப்பங்கழியில், சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒரு தனியார் நிறுவனத்தோடு கைகோத்து, 2023-ல் வேலையைத் தொடங்கிக் கொண்டுவந்ததுதான் மிதக்கும் உணவகம். நீளம் 125 அடி, அகலம் 25 அடி. செலவு சுமார் 5 கோடி. கீழ்த்தளம் ஏ.சி., மேல்தளம் திறந்தவெளி. நல்ல யோசனைதான். சென்னை வெயிலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம். சாயங்காலக் காற்றுக்கு மேலே ஏறலாம். ஆழமில்லாத தண்ணீர் என்பதால் பெரிய அலையும் கிடையாது. தட்டில் சாம்பார் சிந்தாது.

சரி, எனக்கு இடிக்கிற இடம் வேறு. அது இந்த ஒரு படகைப் பற்றியதும் இல்லை. எந்த ஊர் டின்னர் படகின் விளம்பரத்தையும் எடுங்கள். ஏ.சி. இருக்கும், டி.ஜே. இருக்கும், எத்தனை வகை பஃபே என்று இருக்கும். ‘மாடியில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான்’ என்று மட்டும் இருக்காது. மொத்தத்தில் எத்தனை பேர் என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

படகுக்கு மொத்தத்தைவிட அதுதான் முக்கியம், சார். இன்ஜின், தண்ணீர்த் தொட்டி, சமையலறை என்று கனமானதெல்லாம் அடியில் இருக்கிறவரை படகு சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். நூறு பேர் சாப்பிட்டுவிட்டு, சூரியன் மறைவதைப் பார்க்க மேலே ஏறி, எல்லோரும் ஒரே பக்கக் கம்பியில் சாய்ந்து செல்போனை நீட்டும்போதுதான் படகின் டிசைனுக்கு நிஜமான பரீட்சை.

அந்தப் பரீட்சையில் ஒரு படகு தோற்றதைப் பார்த்திருக்கிறோம். 2009 செப்டம்பர் 30, தேக்கடி. ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு. பழைய ஓட்டைப் படகு இல்லை, புத்தம் புதுசு. ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செய்து கொடுத்தது ஒரு சென்னை நிறுவனம். கரையில் விலங்குகளைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு அப்படியே கவிழ்ந்தது. 45 பேர் போனார்கள். 2023 மே மாதம் கேரளாவிலேயே தானூரில் மறுபடியும் ஓர் இரண்டடுக்குப் படகு, 22 பேர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இதில் இன்னொன்று தெரிகிறது. ஐம்பது பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் டீசல் கிட்டத்தட்ட அதேதான், சரங்குக்குச் சம்பளமும் அதேதான். ஆகவே கடைசியாக ஏறுகிற பத்துப் பேரின் டிக்கெட், சாப்பாட்டுச் செலவு போக, அப்படியே லாபம். ‘இன்னும் ஒரு ஃபேமிலிதானே, ஏத்திக்கலாம்’ என்ற குரல் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அவர் கெட்டவரே இல்லாமல்கூட இருக்கலாம்!

இப்போது மறுபடி ஒரகடம். அங்கேயே ஜி.ஏ.ஆர்.சி. என்று மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. புதுக் காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 2023-லிருந்து ‘பாரத் என்கேப்’ வேறு வந்துவிட்டது. கார் வாங்கப் போனால் ‘எத்தனை ஸ்டார்?’ என்று நம் வீட்டுப் பையனே கேட்கிறான். லண்டனில் டபுள் டெக்கர் பஸ்ஸை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? மாடி முழுக்க எடை மூட்டை, கீழே காலி. அப்படியே 28 டிகிரி சாய்க்கிறார்கள். விழக் கூடாது. மோசமான நிலைமையை முதலிலேயே உண்டாக்கிப் பார்த்துவிடுகிறார்கள்.

படகுக்கும் சாய்வுச் சோதனை உண்டு. 1917-ஆம் வருடச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2021-ல் புது உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் வந்திருக்கிறது. சர்வே, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. சர்டிஃபிகேட் ஆபீஸ் ஃபைலில் தூங்குகிறதே, அதைப் படியேறும் இடத்தில் பெரிய எழுத்தில் மாட்டினால் என்ன? மேல்தளத்துக்கு இத்தனை பேர் என்று தனியாக ஒரு நம்பர். மெனு கார்டைவிடச் சின்ன போர்டு போதும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தங்கியிருக்கும் ஜப்பான் மேனேஜர்களுக்கு டின்னர் படகு புதுசு இல்லை. டோக்கியோவில் ‘யகதாபுனே’ என்று தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. தாழ்வான கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்து சாப்பாடு. அதனால் எடை முழுக்கத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுகிறது. கிட்டத்தட்ட நம்ம ஊர்ப் பந்திதான் அது. பாயைப் போட்டு, இலையைப் போட்டு முட்டுக்காட்டில் ஒரு படகு விட்டால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். டி.ஜே. வேண்டாம்.