ரிவரில் வைக்காத பந்தயம்

அவருக்கு டில்ட், அதாவது தோற்ற கடுப்பில் நிதானம் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். லாஸ் வேகஸ் கேஷ் கேம் ஒளிபரப்புகளை விடாமல் பார்ப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரியும். 10/20 டாலர் மேஜையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் அந்தப் பேசாத மனிதர். பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் பேச்சு ஆட்டத்தை விட்டு ஆளிடம் போய்விடும்.

அவருக்கு எதிராக எல்லோரும் எடுத்துப் போடுவது ஒரே கையைத்தான். பட்டனில் இருந்து ராஜா-ஜாக்கியோடு 60 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார். பிக் பிளைண்ட் மட்டும் கால். பிளாப்பில் ராஜா, ஒன்பது, நான்கு. 85 வைக்கிறார், கால். டர்னில் ஏழு. 150 வைக்கிறார், அதற்கும் கால். ரிவரில் ஒன்றுக்கும் உதவாத இரண்டு. பாட்டில் 600 டாலர் கிடக்கிறது, எதிராளி செக் செய்கிறார். ஃபிளஷுக்கு எங்கேயும் வழியில்லை. நம்மவர் 400 வைக்கிறார். எதிராளி யோசித்து, கால் சொல்லி, ராஜா-ராணியைத் திருப்புகிறார். வர்ணனையாளர் பெருமூச்சு விட்டார். விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறார், செக் செய்திருந்தால் 400 மிஞ்சியிருக்கும் என்பது தீர்ப்பு.

சுத்த அபத்தம்.

அந்த 400-க்கு யாரெல்லாம் கால் சொல்வார்கள்? ராஜா-பத்து வைத்திருப்பவர், ராஜா-எட்டு வைத்திருப்பவர், ஜோடிப் பத்தோடு ‘இவன் பிளஃப் அடிக்கிறான்’ என்று நினைப்பவர், ஒன்பதை விட மனமில்லாதவர். நம்மவரை அடிப்பவை ராஜா-ராணி, சில இரண்டு ஜோடிகள், செட்டுகள். ஆசு-ராஜாவாக இருந்தால் பிளாப்புக்கு முன்பே மறு ரெய்ஸ் வந்திருக்கும், செட் என்றால் டர்னிலேயே சத்தம் கேட்டிருக்கும். கால் வருகிற 100 தடவையில் 55 தடவை நம்மவர் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 55 முறை 400 வரும், 45 முறை 400 போகும். மிச்சத்தை 100-ஆல் வகுத்தால் தடவைக்கு 40 டாலர், அதாவது 2 பிக் பிளைண்ட். நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்க 100 கைகளுக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதித்தால் போதும். ஐந்தில் இரண்டு பங்கு இப்படி ஒரே ஒரு பந்தயத்தில் இருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு இது ஏன் தெரிவதில்லை என்பதற்குத் திரையையே குற்றம் சொல்வேன். மேஜைக்கடியில் சீட்டைப் படிக்கும் கருவி வந்ததிலிருந்து, நாம் இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கிறோம். ஓரத்தில் சதவீதம் வேறு ஓடுகிறது. பிளாப்புக்கு முன் ஜோடி ஆசு ஜோடி ராஜாவோடு மோதினால் 82-18 என்று காட்டும். தோற்றவர்மேல் நமக்குப் பரிதாபம் வரும், ‘பாவம், துரதிர்ஷ்டம்’ என்போம். ஆனால் ரிவரில் அந்த எண் 100 அல்லது 0. எல்லாச் சீட்டும் வந்துவிட்டதே! அந்த 55 திரையில் ஒருநாளும் வராது. அதனால் ஆசு உடைந்தவனுக்கு அனுதாபம், தன்னைவிடச் சற்றே மட்டமான கை கால் சொல்லட்டும் என்று வைக்கும் மெல்லிய வேல்யூ பெட்டில் தோற்றவனுக்கு ஏச்சு. இரண்டும் ஒரே ஏற்ற இறக்கம்தான், ஒன்றுக்கு மட்டும் கிராஃபிக்ஸ் இருக்கிறது.

தோல்வி தொடரும்போது ஆட்டம் எங்கே கெடுகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் கண்மூடித்தனமான கால்களையும் பிளஃப்களையும் காட்டுவார்கள். அது ஒரு வகை, கண்ணுக்குத் தெரிகிற வகை, உண்மைதான். இந்த மட்டத்தில் ஆடுபவர்களை அரிப்பது வேறு. ரிவரில் பந்தயம் வைக்க வேண்டிய இடத்தில் ‘இதற்கும் மேலான கையைக் காட்டிவிடுவானோ’ என்று செக் செய்து ஷோடவுனுக்குப் போவது. ஃபார்ம் போன பேட்ஸ்மேன் கவர் டிரைவை மூட்டை கட்டி வைத்துவிட்டு 80 பந்தில் 20 எடுப்பாரே, அது மாதிரி. அவுட் ஆகவில்லை என்பதால் ‘நிதானமாக ஆடுகிறார்’ என்று பாராட்டும் கிடைக்கும். போக்கரில் அந்த செக்குக்குக் கணக்கே இல்லை. வராமல் போன 400-ஐ யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை.

அதே மேஜையில் ‘கட்டுப்பாடானவர்’ என்று கொண்டாடப்படும் இன்னொருவர் இருக்கிறார். இரண்டு மோசமான வாரங்களுக்குப் பிறகு அவர் ரிவரில் ஜோடி ராஜாவோடுகூட செக் செய்வதைப் பார்த்தேன். வர்ணனையில் ‘முதிர்ச்சி’ என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சரி, நம்மவர் இவ்வளவு சரியாக ஆடினால் ஏன் மாதக்கணக்கில் தோற்கிறார்? கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. 100 கைகளுக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர், அதே 100 கைகளில் 90 பிக் பிளைண்ட் திட்ட விலக்கம் உள்ளவர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 10,000 கைகள் ஆடினால் சராசரியாக 500 பிக் பிளைண்ட் லாபம் வரவேண்டும். ஆனால் விலக்கம் 900. அதாவது 10,000 கைகளுக்குப் பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு உண்டு. நேரடி மேஜையில் மணிக்கு 30 கை கிடைத்தாலே அதிகம். வாரம் 30 மணி நேரம் உட்கார்ந்தால்கூட 10,000 கைக்கு 11 வாரம் ஆகும். நன்றாக ஆடியும் ஒரு பருவம் முழுக்க நஷ்டத்தில் முடிவது விபரீதமில்லை, பத்துப் பேரில் மூன்று பேருக்கு நடக்கிற சமாச்சாரம். 1,00,000 கை போனால்தான் அந்த 30, சுமார் 4 ஆகக் குறையும். மேஜையில் அது இரண்டு வருடம்!

(நம்மூரில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு வருட வேதனை திரையில் பார்ப்பதோடு சரி. பலருடைய சேமிப்புக்கு அது நல்லதுதான்.)

பலரும் சொல்லும் ‘மூன்று பை-இன் போனால் எழுந்து வந்துவிடு’ என்ற வைத்தியத்தைப் பற்றி: நஷ்டத்தில் ஆட்டம் கெடுகிறவருக்கு அது மருந்து, கெடாதவருக்கு அது ஓய்வு நேரம், அவ்வளவுதான். கேஷ் கேமில் நாளை உட்கார்ந்தாலும் அதே கணக்கின் அடுத்த வரிதான். ஆல்-இன் ஆனபின் மீதிச் சீட்டை இரண்டு முறை விரிப்பதும் அப்படியே. சராசரி மாறாது, அலை மட்டும் கொஞ்சம் அடங்கும். நம்மவர் அதற்கு எப்போதும் ஒத்துக்கொள்கிறார். விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர் அலையைக் குறைக்கவா பார்ப்பார்? இதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை?

இனி என் கணிப்பு. அடுத்த 10,000 கையில் அவர் லாபத்துக்கு வருவார் என்று சொல்லமாட்டேன். மேலே உள்ள கணக்கு அவருக்கு மறுபடியும் அதே 30 சதவீதத்தைத்தான் கொடுக்கும். பழைய தோல்விக்கு ஈடாகச் சீட்டு எதையும் திருப்பித் தராது. மாறப்போவது எதிராளிகள். ஒளிபரப்பை அவர்களும் பார்க்கிறார்கள். இவர் ரிவரில் மெல்லிய கையோடு 400 வைப்பார் என்று தெரிந்துபோனதால், செக்-ரெய்ஸ் பிளஃப் வர ஆரம்பிக்கும். இரண்டு மாதத்துக்குள் 400-க்கு மேல் 1,600 வந்து விழும். அப்போது இவர் பந்தயத்தை 250-ஆகச் சுருக்குவார், சில கைகளில் செக்கும் செய்வார். ‘பார்த்தீர்களா, திருந்திவிட்டார்’ என்று அதே வர்ணனையாளர் சொல்வார் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுப்பாடானவர் அடுத்த வருடம் 5/10 மேஜையில் இருப்பார். தோற்றுப் போய் இறங்கமாட்டார், ஜெயித்த கைகளில் பாதி சம்பளம் வாங்கி வாங்கியே இறங்குவார். நம்மவர் 25/50-க்கு ஏறிவிடுவார் என்கிறது ரசிகர் கூட்டம். நானும் அந்தக் கூட்டம்தான், ஆனால் அங்கே 100 பிக் பிளைண்ட் பை-இன் ஒன்றுக்கு 5,000 டாலர் வேண்டும். இப்படி ஒரு பருவத்துக்குப் பிறகு அதைப்போல ஐம்பது பை-இன் எந்த பாங்க்ரோலில் இருக்கும்? இன்னும் ஒரு வருடம் 10/20 தான்.