தேய்ப்பில் வரும் பளபளப்பு

கறுப்பு ஆட்டுத்தோலை நன்றாகக் கிளேசிங் செய்திருக்கிறார்களா என்று பார்க்க அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பினால் மட்டும் போதாது. தெளிந்த தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிவதுபோல, அந்த ஒளிக்கு அடியில் ரோமத்துளைகள் வளைந்த வரிசைகளாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அது கிளேஸ் கிட். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் எத்தனையோ வகைத் தோல்களைப் பார்க்கலாம். என் கண் போய் நிற்பது இதில்தான்.

அந்த ஒளி உண்டாகும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. பாலிலிருந்து எடுக்கும் கேசின், முட்டை வெள்ளைக்கருவில் உள்ள அல்புமின் போன்ற புரதங்களைச் சாயத்தோடு கரைத்துத் தோலின் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். காய்ந்தபின் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும். பிறகு கிளேசிங் மெஷினின் படுகையில் தோலை விரிக்கிறார்கள். மெஷினின் கை முனையில் ஒரு கண்ணாடி உருளை உண்டு. அது சுழலாது, தோலை அழுத்தி உரசிக்கொண்டே போய்த் திரும்பி வரும். உரசலில் பிறக்கும் சூட்டிலும் அழுத்தத்திலும் புரதப்படலம் இறுகித் தெளிகிறது. கண்ணெதிரே மங்கல் விலகுகிறது.

மெஷின் ஒரே தாளத்தில் ஓடும். நுணுக்கமெல்லாம் தோலைப் பிடித்திருப்பவர் கையில். ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் தோலை விரலளவு நகர்த்துகிறார். முதுகுப் பகுதி கெட்டியானது, அழுத்தத்தைத் தாங்கும். வயிற்றுப்பக்கம் தளர்ந்தது, அங்கே கொஞ்சம் அசந்தாலும் மடிப்பு விழும். ஓரிடத்தில் அதிகம் நின்றால் கருகும். அந்த அவசரத்திலும் தோலின் ஓரம்வரை ஒளி சீராகப் பரவியிருந்தால், அந்தக் கைகளை நான் வீணை வாசிக்கும் கைகளுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், மங்கிப்போன ஷூவை மீட்பதும் புரிந்துவிடும். பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே பக்கம் திரும்பும். கீறலும் பழைய மெழுகும் தூசியும் சேர்ந்தால் சிதறும். ஃபைபர் படகின் மேற்பூச்சான ஜெல்கோட் வெயிலில் வெளுத்து மாவாக உதிர்வதும் இதே கதைதான். அங்கேயும் செத்த மேல்படலத்தைத் தேய்த்து எடுத்த பிறகே மெழுகுக்கு வேலை. மங்கலின் மேலேயே பாலிஷை அப்புகிறவர்கள் மங்கலுக்குத்தான் பாலிஷ் போடுகிறார்கள்.

அலமாரியில் கிடந்த ஷூவில் வெள்ளை பூத்திருந்தால் அது எந்த வெள்ளை என்று முதலில் பார்க்க வேண்டும். பஞ்சுபோல் எழும்பி, முடை நாற்றம் அடித்தால் பூஞ்சை. லேசாகச் சூடு காட்டியதும் மறைந்தால், தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்து படிந்தது. ஈரத்துணிக்குக் கரைந்தால் உப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் எதைத் துடைத்தாலும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயில் தோலின் நாரை விறைக்கவைத்து விரிசல் விடச் செய்யும். உலர்ந்தபின் கொஞ்சம் எண்ணெய்ப்பசையுள்ள க்ரீம். ஓர் இரவு விட்டு, அப்புறம் மெழுகு.

நல்ல பாலிஷில் தேன்மெழுகோடு கார்னாபாவும் இருக்கும். கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் படியும் மெழுகு. தேன்மெழுகு 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதுமே உருகிவிடும். இதற்கு 80-க்கு மேல் வேண்டும். அந்தக் கடினம்தான் கண்ணாடிப் பளபளப்பைத் தருகிறது. பருத்தித் துணியை விரலில் இறுகச் சுற்றி, துளித் தண்ணீர் தொட்டு, சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெழுகை அடுக்கடுக்காக ஏற்றுவது மூக்கிலும் குதிகாலிலும் மட்டும். நடக்கையில் மடியும் இடத்தில் ஏற்றினால் பாளம் பாளமாக வெடிக்கும்.

எல்லாத் தோலையும் புதிதாக்க நினைப்பதும் தவறு. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, ஈ.ஐ. தோல் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போன நம் பழைய தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுப்பார்கள். அப்படியும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு செம்மை ஏறிவிடுகிறது. அதைப் போக்க நினைப்பவரோடு எனக்கு ஒத்துப்போகாது. மெல்லிய எண்ணெயும் உலர்ந்த துணியுமே அதற்குப் போதும்.

என் வருத்தமெல்லாம் இன்னொரு ரகத்தைப் பற்றி. தழும்பும் கீறலும் உள்ள தோலின் மேற்பரப்பையே உராய்ந்து எடுத்துவிட்டு, தடிமனாகப் பிளாஸ்டிக் பூசி, சூடான தகட்டால் பொய்த்துளைகளை அச்சடிக்கிறார்கள். முதல் வருஷம் அதன் மினுக்கு கிளேஸ் கிட்டைத் தோற்கடிக்கும். உரிய ஆரம்பித்தால் தேய்த்துத் தெளியவைக்க அடியில் மேல்தோலே கிடையாது. மலிவு விலைக்கு அது தேவைதான். ஆனாலும் நல்ல கைகள் அதில் உழைப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

அடுத்தமுறை ஷூ வாங்கும்போது மினுக்கைப் பார்க்குமுன் கட்டைவிரலால் மேல்புறத்தை அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மறைந்தால் அதை வாங்குங்கள். பத்து வருஷம் கழித்தும் அதைத் தேய்த்து மீட்கலாம்.